தலையணைக் கூடத்தின் பங்கு

சித்தப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்பு டேப் கிடக்கும். இழுத்தால் நீளும், விட்டால் சரக்கென்று உள்ளே போய்விடும். கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'டேப்பு' என்றுதான். மெத்தையும் தலையணையும் செய்கிற கம்பெனி. அங்கே அவருக்குச் செலவுக் கணக்கு எழுதும் வேலை. எந்தச் சரக்கின் விலையைக் கூட்டலாம், எதைக் குறைத்துச் செய்யலாம், எதை விட்டுத் தொலைக்கலாம் என்று முதலாளி முடிவெடுப்பது இவர் கொடுக்கிற தாளைப் பார்த்துத்தான்.

கட்டட வாடகை, வாட்ச்மேன் சம்பளம், முதலாளியின் கார் எல்லாம் எந்தச் சரக்குக்கும் சொந்தமில்லாத செலவுகள். ஆனாலும் யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். எந்தப் பிரிவு எவ்வளவு தரையை அடைத்துக்கொள்கிறதோ, அந்த அளவுக்கு அதற்குப் பங்கு என்பது வழக்கம். அதை அளக்கத்தான் டேப்.

அளக்கப் போன இடத்தில்தான் சித்தியைப் பார்த்தார். தலையணைக் கூடத்தின் மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவள், டேப் காலருகே வந்ததும் நிமிர்ந்தாள்.

"கால எடுக்கணுமா சார்? இல்ல, அதுக்கும் சேத்து வாடகையா?"

கூடமே சிரித்ததாம். சித்தப்பா அளவை மறந்துவிட்டு மறுநாள் திரும்ப வந்து அளந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். அப்படித்தான் கல்யாணம்.

பஞ்சுக்கு எடை கிடையாது, இடம் மட்டும் நிறைய வேண்டும். மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி அடுக்கிவிடலாம். தலையணைக்கு ஒரு கூடமே போதாது. அதனால் பங்கு போடும்போது தலையணை எப்போதும் நஷ்டத்தில் நின்றது. வாடகையை வேண்டுமானால் தரையளவில் பிரிக்கலாம், காருக்கும் வாட்ச்மேனுக்கும் ஆள் கணக்குதானே நியாயம் என்று சித்தப்பாவுக்கே தோன்றியிருக்கிறது. மாற்ற இருந்தார். அதற்குள் கல்யாணம் நடந்துவிட்டது. சித்தி அந்தப் பிரிவுக்கே சூப்பர்வைசரும் ஆனாள். பெண்டாட்டிக்காக விதியை வளைத்தான் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதே என்று அப்படியே விட்டுவிட்டார்.

சித்தி சாப்பாடு போடும்போதெல்லாம் கேட்பாள்: "ஏங்க, முதலாளி காரு எங்க ஹால்லயா நிக்குது?"

"சும்மா இரு. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேருக்கு நல்லவரா இருங்க. அஞ்சாவது ஆளு நான் இருக்கேன், ஞாபகம் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். வருஷம் வருஷமாக அது அவர்கள் வீட்டு வேடிக்கை.

வியாபாரம் மந்தமான ஒரு வருஷம், முதலாளி எல்லாப் பிரிவுக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். சித்தியை மட்டும் கூப்பிடவில்லை. அன்று நடந்ததை, கூட இருந்த ஸ்டோர்காரர்தான் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"தலையணைய மூடிடலாம்னு இருக்கேன். எத்தன வருஷமா நஷ்டம்!" என்றார் முதலாளி.

சித்தப்பா எழுந்து நின்றார். அந்த அறையில் கேட்காமல் அவர் வாய் திறந்தது அதுதான் முதல்முறை.

"மூடினா வாடகை குறையாது சார். துணி, பஞ்சு, கூலி எல்லாம் போக தலையணையில கையில காசு மிஞ்சுது. வாடகையில ஒரு பகுதிய அதுதான் தாங்குது. அதை எடுத்துட்டா அந்தப் பாரமும் மெத்தை மேலதான் வந்து விழும்."

"அப்ப இத்தன வருஷமா நஷ்டம்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார். அது பங்கு போட்ட விதம்…"

"நேத்து வரைக்கும் நஷ்டம், இன்னைக்கு லாபமா? என்னய்யா, வீட்ல சொல்லி அனுப்பிச்சாங்களா?"

அறை முழுக்கச் சிரிப்பு. ஸ்டோர்காரரும் சிரித்திருக்கிறார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் கையில் ஒரு தாள் இருந்ததாம், மூடினால் என்ன ஆகும் என்று விளக்கமாக எழுதியது. அதை நான்காக மடித்து, டேப் இருந்த பையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தலையணையை மூடப்போகிறார்கள் என்று சாயங்காலம் சித்திக்குச் சொன்னது அவர்தான். நானும் அங்கே இருந்தேன்.

"நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னேன்."

"அவரு சிரிச்சப்புறம், இன்னொரு தடவ சொன்னீங்களா?"

சித்தப்பா தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். சித்தி அவருக்குச் சோறு போட்டாள். காரைப் பற்றி அன்று எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

தையல் மிஷின்களை விற்றார்கள். கூட இருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். வழக்கமாக வாங்கிய கடைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். காலிக் கூடத்தை யார் கணக்கில் எழுதுவது? மெத்தைமேல்தான். அடுத்த தாளில் மெத்தையின் லாபம் பாதியாகத் தேய்ந்திருந்தது. மெத்தைப் பிரிவுக்காரர், "ஏன் டேப்பு, எங்களுக்கும் குழி வெட்டுறியா?" என்று சண்டைக்கு வந்தார்.

முதலாளி தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு நீ கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமில்ல?"

திட்டியிருந்தால் சித்தப்பா தாங்கியிருப்பார்.

அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது, சித்தி முன்னறையில் ஒரு பழைய தையல் மிஷினை இறக்கி வைத்திருந்தாள். அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பதாகப் பேச்சு. மிஷினுக்கு இடம் போதவில்லை. சித்தப்பா தன் நாற்காலியைத் தூக்கி வாசலோரம் போட்டார். பையிலிருந்து டேப்பை எடுத்து அவளிடம் நீட்டினார், திரைச்சீலைக்கு ஆகுமென்று.

சித்தி வாங்கிக்கொண்டாள். துணியைப் பிரித்தபடியே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"இந்த இடத்துக்காவது என் பேருல வாடகை எழுதிடாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா வாசலைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. சித்தி மிஷினை மிதிக்கத் தொடங்கினாள், அவர் விசும்பல் வெளியே கேட்காத அளவுக்கு வேகமாக.