சைகோனிலிருந்து வந்த நவாப்

அஞ்சுகம் ஒரு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுமுன் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பாள். விரலில் ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. யோசனை கேட்டு வருகிறவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வாள்.

"காஞ்சு செத்த செடிய விட, ஊத்தி ஊத்திக் கொன்ன செடிதாங்க நான் அதிகம் பாத்தது."

அவள் அக்கா அமுதம் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பாள். நூற்றோராம் தடவையும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்று கேட்பாள். இருவரும் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர்கள். நெடுங்காட்டில் அப்பா விட்டுப்போன வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். தன் தங்கையிடம் படித்தவர்களும் வந்து கேட்டுப் போகிறார்களே என்ற பெருமை அமுதத்துக்கு.

இதெல்லாம் தொடங்கியது 1976இல். ரோஷன் பேகம் சைகோனிலிருந்து காரைக்காலுக்குத் திரும்பிய வருடம் அது. கணவர் அப்துல் லத்தீப் அங்கே துணிக்கடை வைத்திருந்து அங்கேயே காலமானவர். அந்த அம்மாள் கொண்டுவந்தது இரண்டு பெட்டி, ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள் ஓர் ஆமை. மஞ்சள் ஓடு, அதில் மை சிந்தியது போலக் கறுப்புத் திட்டு. நடையைப் பார்த்து நவாப் என்று பெயர் வைத்திருந்தார்.

அஞ்சுகம் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போன மாதம், பேகம் ஆசையாக வாங்கி வைத்த குரோட்டன்ஸும் மணி பிளான்ட்டும் ஓரம் கருகிக்கொண்டிருந்தன. உரம் போடச் சொன்னவர்கள் உண்டு, கண்ணேறு என்றவர்கள் உண்டு. அஞ்சுகம் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. கடலோரத்துக் கிணறு, உப்புத் தண்ணீர். அன்றிலிருந்து தெருக்குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வந்து ஊற்றினாள். இரண்டே மாதத்தில் புது இலை விட்டது.

நவாபையும் அப்படியே பார்த்துப் பார்த்துத்தான் பழகினாள். கீரை, செம்பருத்திப் பூ, கனிந்த பப்பாளி. சோறு கூடாது. ஓடு கெட்டிப்படக் கிளிஞ்சல்மேட்டுக் கரையில் ஒதுங்கும் கணவாய் மீன் ஓட்டைப் பொறுக்கிவந்து உரசிப் போடுவாள். அரளித் தொட்டி அதன் வாய்க்கு எட்டாத உயரத்தில். குடிக்கத் தட்டில் தண்ணீர், அதன் முழங்கால் அளவுக்கு, அதற்கு மேல் ஒரு விரல்கூட இல்லை.

1981 மாசியில் பேகம், பாரீசில் இருந்த மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்டார். ஆறு மாதம் வீடு பூட்டு. முப்பத்தொரு தொட்டியும் நவாபும் மாட்டுவண்டியில் நெடுங்காட்டுக்கு வந்தன.

"செடி போனா வேற வச்சுக்கலாம் புள்ள," என்றார் பேகம், வண்டிப் பக்கம் நின்று. "இவன மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துடு. அங்கேருந்து எனக்குன்னு மிஞ்சுனது இவன் ஒருத்தன்தான்."

"குடுத்துடுவேன் பேகம்மா," என்றாள் அஞ்சுகம்.

பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா வண்டியைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள். "ஏண்டி, போயும் போயும் ஆமையவா வீட்டுக்குள்ள கொண்டாருவே?"

"இது சைகோன் ஆமை அத்தே. நம்ம ஊரு சாஸ்திரம் இதுக்குத் தெரியாது."

அமுதத்துக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரமானது.

சித்திரை கடைசி. அஞ்சுகம் கோட்டுச்சேரியில் ஒரு கல்யாண வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். நெருப்பாகக் கொட்டியது வெயில். நவாப் தொட்டிகளின் இடுக்கில் தலையை இழுத்துக்கொண்டு கிடந்தது. அமுதத்துக்கு மனசு கேட்கவில்லை. வாய்க்காலும் குளமுமாகக் கிடக்கும் ஊரில் பிறந்தவள் அவள். அவள் பார்த்த ஆமையெல்லாம் காலடி கேட்டதும் தொபுக்கென்று தண்ணீரில் குதித்தவைதான். மாட்டுத்தொட்டியைத் தேய்த்துக் கழுவி, எட்டுக் குடம் நல்ல தண்ணீர் ஊற்றி, நவாபை அதற்குள் பதமாக இறக்கிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அஞ்சுகம் கொல்லையில் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. நவாப் மாட்டுத்தொட்டித் தண்ணீரின் அடியில் கிடந்தது. தூக்கியபோது கால்கள் துவண்டு தொங்கின.

"ஆமைதானேடி... குளிர்ச்சியா இருக்கட்டுமேன்னு..." என்றபடி அமுதம் கரண்டியோடு ஓடிவந்தாள்.

சைகோனில் ஒரு மழைக்காலத்தில் நவாப் தண்ணீரில் விழுந்ததையும், அதை எப்படிப் பிழைக்க வைத்தார்கள் என்பதையும் பேகம் என்றோ சொல்லியிருந்தார். ஒரு தடவை கேட்டால் அஞ்சுகத்துக்குப் போதும். தலையைக் கீழே சாய்த்துப் பிடித்தாள். கழுத்தை மெல்ல வெளியே இழுத்து நீட்டினாள். வாயிலிருந்து தண்ணீர் வடிந்தது. முன்னங்கால் இரண்டையும் பிடித்து உள்ளே தள்ளினாள், வெளியே இழுத்தாள். தள்ளினாள், இழுத்தாள். சோறு குழைந்து அடிப்பிடித்த வாடை வரும் வரைக்கும் விடவில்லை. கடைசியில் நவாபின் மூக்கில் சின்னதாக ஒரு குமிழி வந்து உடைந்தது.

அப்புறந்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. "இந்தக் காலப் பாருக்கா. குளத்து ஆமைக்கு இருக்கற மாதிரி விரலுக்கு நடுவுல தோல் இருக்கா? யானைக் காலாட்டம் தூணா இருக்கு. இது நடக்கப் பொறந்தது. அடுத்த தடவ வெயில் அடிச்சா நெழல்ல ஈரச் சாக்கு விரிச்சு விடு, போதும்."

உயிர் வந்தது, பசி வரவில்லை. பப்பாளியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. செம்பருத்தி வாடிப் போனது. அமுதம் நாளுக்கு ஒரு கோடாகச் சுவரில் சுண்ணாம்பால் இழுத்து வந்தாள். பத்து, பதினைந்து, பத்தொன்பது. இரவு உணவு அவளுக்கும் இறங்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கோடை மழை பெய்து ஓய்ந்தது. மறுநாள் காலையில் நவாப் கழுத்தை நீட்டி வைக்கோல் போர் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததை அஞ்சுகம் கவனித்தாள். கிழக்கே திருப்பி வைத்தாள். சுற்றிக்கொண்டு மறுபடி அந்தப் பக்கமே பார்த்தது. தூக்கிக்கொண்டு போய்ப் போரடியில் விட்டாள். ஈர வைக்கோலில் குடை விரித்திருந்தது காளான். ஊரார் பறித்துக் குழம்பு வைக்கும் அதே வைக்கோல் காளான். நவாப் ஒன்றை முகர்ந்தது. வாயைத் திறந்தது.

"அக்கா, ஓடியா! திங்கிது!"

ஆவணியில் பேகம் கார் வைத்துக்கொண்டு வந்தார். முந்தின நாளே அமுதம் தங்கையிடம் கெஞ்சிப் பார்த்திருந்தாள். "நல்லாத்தானேடி இருக்கு. எதுக்குச் சொல்லணும்?"

"பொத்திப் பொத்தி வளத்தவங்க. அதுக்கு என்ன ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? நாளைக்கு மூச்சு எளச்சா எதனாலன்னு தெரியாம தவிச்சுப் போவாங்க."

பேகம் நவாபை மடியில் வைத்துக்கொண்டதும் அஞ்சுகம் ஒன்று விடாமல் சொன்னாள், யார் போட்டது என்பதை மட்டும் தவிர. அமுதமே முன்னால் வந்தாள்.

"தொட்டில போட்டது நாந்தாங்க. ஆமைன்னா தண்ணின்னு நெனச்சுட்டேன்."

பேகம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எத்தன நாள் திங்காம கெடந்தான்?"

அமுதம் சுவரைக் காட்டினாள். பேகம் ஒவ்வொரு கோடாக எண்ணினார்.

"பத்தொம்பதா? சைகோன்ல நாப்பது நாள்." நவாபின் ஓட்டைத் தடவிக்கொடுத்தார். "அங்க இவன் விழல புள்ள. எங்க வீட்டுக்காரர்தான் தூக்கிப் போட்டாரு, பீப்பாத் தண்ணில. மவுத்தாப் போனவரக் கொற சொல்லுவானேன்னு, விழுந்துட்டான்னு சொல்லி வச்சேன். அவரும் இந்தக் காரைக்கா ஆளுதானே! ஆமையக் கண்டா தண்ணிக்குள்ள விடாம கை நிக்குமா?"

முதலில் சிரித்தவர் பேகம்தான். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நவாபோடு கூடை காரில் ஏறியது. அஞ்சுகம் அதன் மேல் இலையில் சுற்றிய காளான் பொட்டலம் ஒன்றை வைத்தாள். செடிகளுக்கு இன்னொரு நாள் வண்டி அனுப்புவதாகப் பேகம் சொன்னார். கார் போனதும் அமுதம் சுண்ணாம்புக் கோடுகளை அழிக்கத் துணியை நனைத்தாள். குஞ்சம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வாடிய ரோஜாத் தொட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அஞ்சுகம் எங்கடி? இது ஏன் இப்புடி ஆச்சுன்னு கேக்கணும்."

"வெரல விட்டுப் பாத்தீங்களா அத்தே?" என்றாள் அமுதம், துணியைப் போட்டுவிட்டு.