கையில் இறங்கிய குரல்

நீதிமன்றத்தில் அவளை எல்லோரும் 'கைக்காரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். காது கேளாதவர்கள் சாட்சி சொல்ல வந்தால், வக்கீல் கேட்பதைச் சைகையில் சொல்வதும் அவர்கள் சைகையை வாயால் சொல்வதும் அவள் வேலை. அந்த மொழியைக் கணவனிடம்தான் கற்றாள். கார் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் அவன் பிறவியிலேயே காது கேளாதவன். "காதலிக்கும்போது இவரோட சண்டை போடணுமேன்னுதான் வேகமா கத்துக்கிட்டேன்" என்று சிரிப்பாள்.

மாற்றத்தை முதலில் கண்டதும் அவன்தான். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவள் சைகையில் ஏதோ சொல்ல, அவனும் சைகையாலேயே நிறுத்தினான்.

"ஏன் முணுமுணுக்கிற? சத்தமாச் சொல்லு."

"ஏன், காது கேக்கலையா?" என்று கைகளால் கிண்டலடித்தாள். அவன் சிரிக்கவில்லை. நெஞ்சுக்கு முன்னால் விரிய வேண்டிய அவள் வலக்கை வயிற்றருகே சுருங்கி அசைந்தது.

பிறகு முகத்தின் அசைவும் போனது. சைகையில் கேள்வி புருவத்தில் இருக்கிறது. புருவம் ஏறாவிட்டால் 'சாப்பிட்டீங்களா' என்பது 'சாப்பிட்டீங்க' ஆகிவிடும். குத்திக்காட்டுகிறாள் என்று அவன் நினைத்தான். "எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான். அவளுக்குக் கோபமே இல்லை.

தோள்பட்டை இறுக்கம் என்று ஒத்தடமும் பயிற்சியுமாகச் சில மாதங்கள் ஓடின. கடைசியில் இருவரும் நரம்பு மருத்துவரிடம் போனார்கள். அவர் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். நடையில் அவள் வலக்கை மட்டும் வீசவில்லை.

"பார்க்கின்சன் நோய்ம்மா."

"எனக்கு இன்னும் நாப்பதுகூட ஆகலையே டாக்டர்! கை நடுங்கவும் இல்லையே?"

"எல்லாருக்கும் நடுக்கத்துல ஆரம்பிக்காது. சின்ன வயசுலயும் வரும். முழுசா குணமாகாது. ஆனா மாத்திரை போட்டு ரொம்ப காலம் சமாளிக்கலாம்."

கணவன் அவள் தோளைத் தட்டினான். "என்ன சொல்றார்?"

அவளைத் தவிர அவனுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை. "தோள்பட்டைதான். மாத்திரை போட்டா சரியாயிடும்" என்றாள். அவன் நிம்மதியாகத் தலையாட்டினான்.

மாத்திரை கை கொடுத்தது. அதன் வேகம் இறங்கும்போது மட்டும் உடம்பு மரக்கட்டையாகிவிடும். அப்படி ஒரு நேரத்தில்தான், புருஷனிடம் அடிபட்ட ஒரு காது கேளாத பெண்ணின் வழக்கு வந்தது. "மாடிப்படியில தள்ளினது அவர்தானா?" என்று வக்கீல் கேட்டார். அவள் சைகை காட்டினாள். சாட்சிக் கூண்டில் நின்றவள் குழம்பி, கைகளை உயர்த்தி ஏதோ திருப்பிக் கேட்டாள்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் நீதிபதி.

எதையும் மறைக்காமல் சொல்வதுதான் அவள் வேலை. "நான் கேக்கறேனா, இல்ல அவங்களுக்குப் பதில் சொல்லிக் கொடுக்கறேனான்னு தெரியலையாம் ஐயா." கைகளை இறக்கிக்கொண்டாள். "தப்பு என்னோடதுதான். எனக்கு உடம்பு சரியில்ல. வேற ஆளை வச்சு முதல்லேர்ந்து கேளுங்க."

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நோயைக் கேட்டு அவன் முகம் வெளுத்தது. ஆனால் அவனை அறைந்தது வேறொன்று.

"ஊருக்கெல்லாம் உண்மையைச் சொல்ற. எனக்கு மட்டும் பொய்யா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர்கள் வீட்டில் முகம் திரும்பினால் பேச்சு முடிந்தது. கெஞ்சவும் வழியில்லை. அந்த வாரம் முழுவதும் அவள் அவன் முதுகோடு குடித்தனம் நடத்தினாள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு அவன் வேறொரு மொழிபெயர்ப்பாளரை அழைத்து வந்தான். அவளோடு வேலை பார்ப்பவர்தான். அவள் வெறும் நோயாளியாக உட்கார்ந்திருந்தாள். அவமானமாக இருந்தது. அவன் மருத்துவரிடம் ஏதோ கேட்டான். வந்தவர் வாய் திறக்கத் தயங்கினார்.

"அக்கா, அவர் கேட்டதை அப்படியே கேளுங்க" என்றாள் அவள்.

"இவங்க கை இன்னும் எவ்வளவு காலம் பேசும்னு கேக்கறார்."

"உறுதியா சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். "கையை அகலமா வீசிப் பேசச் சொல்லுங்க. தினமும் பழகணும்."

நீதிமன்ற வேலையை விட்டுவிட்டாள். மாத்திரை நன்றாக ஓடும் காலை வேளைகளில், காது கேளாத குழந்தைகளின் பெற்றோருக்குச் சைகை கற்றுத்தருகிறாள். மாலையில் கணவன் எதிரே நின்று, "இன்னும் பெருசா, இன்னும் பெருசா" என்று விரட்டுகிறான். சில மாலைகளில் கை எழுவதே இல்லை. அப்போது அவன் விரட்டுவதை நிறுத்திவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான்.