பாட்டில் பேபி வந்த வழி

ஆபீஸில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். வட்டார ஆங்கிலச் சொற்களைத் திரட்டி அகராதி போடுகிறவர்களிடம் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்கு போன் போட்டு, "காய்கறியை வினிகர்ல ஊறப்போட்டு பாட்டில்ல அடைப்பாங்களே, அதை உங்க பக்கம் இங்கிலீஷ்ல என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்க வேண்டும். சம்பளம் கொடுத்து விசாரிக்கிற விஷயத்தைப் பாருங்கள்.

ஒரு பக்கம் பிக்கலில்லி என்பார்கள், கடலோரத்தில் சௌசௌ, மலைப்பக்கம் ரெலிஷ். சொல்லுக்கு ஒரு நிறம். சுவரிலிருந்த வரைபடத்தில் அந்த நிறக் குண்டூசியைக் குத்துவாள். வேறு வேலை இல்லையா என்று திட்டுகிறவர்களும் உண்டு. அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஒரு திங்கட்கிழமை, எல்லையோர ஊரிலிருந்து ஒரு பெண்மணி, "பாட்டில் பேபி" என்றாள்.

அது கேள்விக்காரியின் மகள் வைத்த பெயர். பாட்டிலுக்குள் குட்டி வெள்ளரிக்காய்கள் தூங்குகின்றன என்பாள். பாட்டிலைக் கட்டிக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து தரச்சொல்லி உயிரை எடுப்பாள். காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசியாக அவள் கேட்ட பாட்டில், "அப்புறம் பார்க்கலாம்" என்று அம்மா எடுத்து வைத்த அலமாரியிலேயே இன்னும் இருக்கிறது.

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"தெரியலம்மா. நேத்துலேர்ந்து வாய்ல வருது."

மறுநாள் அடுத்த ஊரில் அதே சொல். அதற்கு மறுநாள் இன்னும் இந்தப் பக்கம். அந்தச் சொல்லுக்கான வெள்ளைக் குண்டூசிகள் ஒவ்வொன்றாக நகரத்தை நோக்கி வந்தன. புதுச் சொல் ஒன்று பரவுகிறது என்று மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவளுக்கோ சோறு இறங்கவில்லை. பயந்தாள்தான். ஆனாலும் பிள்ளை வழி தவறாமல் வந்துவிட வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை, அவள் தெருமுனை மளிகைக்கடைக்காரரும் அதையே சொன்னார். அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. சொந்த வீட்டு எண்ணை அழுத்தினாள். கணவர் லாரியோடு வெளியூர் போயிருந்தார். வீட்டைப் பூட்டிய சாவி அவள் கைப்பையில் இருந்தது.

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

பழக்கதோஷத்தில் அவள் வாய், "காய்கறியை வினிகர்ல..." என்று ஆரம்பித்து நின்றது.

"அம்மா, மூடி திறக்க மாட்டேங்குது."

அவளுக்குப் பயமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"கீழ போட்டுடாத கண்ணு, கண்ணாடி" என்றாள். "அம்மா இதோ வந்துட்டேன்."