கறுப்பு நாய்க்கு வெயில் வேண்டும்

நிச்சயம் முடிந்த மறுநாளே நான் வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வெயில் பட்டால் கறுத்துப்போவேனாம். எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவள் நான் ஒருத்திதான். மத்திகிரியிலிருந்து ஓசூருக்கு வெயிலில் நடந்துதான் படித்தேன். அப்போது என் நிறத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இப்போது ஓர் அறை, ஒரு கம்பி ஜன்னல்.

ஜன்னலுக்கு வெளியே எங்கள் நாய் படுத்திருக்கும். அப்பா மாட்டுப்பண்ணையில் வேலை செய்தார். அங்கிருந்துதான் அதைக் குட்டியாகத் தூக்கி வந்தார். நல்ல கறுப்பு. மாப்பிள்ளை வீட்டில் நாய் ஆகாது. அதன் படம் ஒன்றையாவது கொண்டுபோக வேண்டும் என்று இருந்தேன்.

பெங்களூரில் வேலை பார்த்த அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிக் கேமரா ஒன்றை இரவல் வாங்கி வந்தான். எங்களையெல்லாம் எடுத்தது போக இரண்டு படம் மிச்சம். பிலிமோடு வந்த இங்கிலீஷ் தாளை நான்தான் படித்துச் சொன்னேன்: வெயில் எடுப்பவரின் முதுகில் விழ வேண்டும், இரண்டு கஜத்துக்குக் கிட்டே போகக் கூடாது, கேமரா எதிரில் இருப்பவரின் கண் உயரத்தில் இருக்க வேண்டும்.

ஜன்னல் வழியே பார்த்தேன். கூரை நிழலில் நாய் வெறும் கரிக்கட்டையாகத் தெரிந்தது.

"வெயில்ல நிறுத்தி நீயே எடுண்ணா."

"கல்யாணப் பொண்ணுக்கு ஒண்ணு, நாய்க்கு ரெண்டா? மாப்ள வூட்டுப் பந்தியில இவன எங்க உக்கார வெக்கப் போற?"

சிரித்துக்கொண்டே அதை இழுத்துப்போனான். அது திமிறிக்கொண்டு என் ஜன்னலுக்கே ஓடி வந்தது. அவன் நின்றபடியே அமுக்கிவிட்டான். முதுகுதான் விழுந்திருக்கும்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் வெளியே போய் அண்ணனிடமிருந்து கேமராவை வாங்கினேன். மண்ணில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கேமராவை வைத்து, வெயிலுக்கு முதுகு காட்டி மண்டியிட்டேன். நாய் வாலாட்டிக்கொண்டு என் மேலேயே வந்து விழுந்தது. தள்ளிவிட்டேன், மறுபடி வந்தது.

"அடி பாவி! உள்ள வாடி! கறுத்துப் போனா பொண்ண மாத்திட்டாங்கன்னு ஊரே சிரிக்கும்!"

என் பின்னால் அம்மாவின் குரல். நாய் அப்படியே நின்றது. காதைத் தூக்கி, என் தலைக்கு மேலே அவளைப் பார்த்தது. கண் இரண்டிலும் வெயில். அமுக்கினேன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் படத்தைக் கொண்டுவந்தான். "ஸ்டுடியோக்காரனே யாரு எடுத்ததுன்னு கேட்டான்" என்று ஜன்னல் கம்பி வழியே நீட்டினான். முடி முடியாகத் தெரிவதாகச் சொன்னான். என் கன்னத்தில் பயத்தமாவும் தயிரும் காய்ந்துகொண்டிருந்தன. கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன். பார்ப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

"அந்த வெளிச்சமும் வேணாம்" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

படம் என் கையில்தான் இருந்தது. ஜன்னல் கதவின் இடுக்கில் வந்த கொஞ்ச வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எது நாய், எது நிழல் என்று பிரிக்க முடியவில்லை.