மாளிகை கட்டியவன் கேட்காத கேள்வி

மாட்டுங்கா லேபர் கேம்பில் பி.ஏ. மாணவிகளுக்கு ஆங்கில இலக்கிய ட்யூஷன் எடுக்கிறேன். அன்று பாடம் ஒரு பழைய அமெரிக்க நாவல். ஏழை ஒருவன் காதலித்தவளுக்காகவே பணம் சேர்த்து மாளிகை கட்டுகிறான். அவன் ஆசையை வழக்கம்போல் உருகி உருகி விளக்கினேன்.

ஸ்டெல்லா என்ற மாணவி குறுக்கிட்டாள். “ஒனக்கு என்ன வேணும்னு அவகிட்ட ஒரு வார்த்த கேட்டானா மிஸ்? மாப்பிள்ள வீட்ல எனக்காகச் செம்பூர்ல பிளாட்டே வாங்கிட்டாவ. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல.”

புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். “உனக்கு என்னம்மா வேணும்?” என்றேன்.

“இந்தக் கதைய முடிக்கணும் மிஸ். வர்ற வாரம் கல்யாணம்.”

அன்று கடைசிப் பக்கம்வரை வாசித்தோம். ஒருத்தியும் எழுந்து போகவில்லை. வருடக்கணக்காக நான் நடத்திய நாவலில், அந்தப் பெண்ணை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.