டிரைவ்வேயில் கட்டிய பாத்தி

என் மாமனார் கிட்டுசாமி கோபம் வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைப்பார் என்று என் மனைவி வெண்பா சொல்லியிருக்கிறாள். இந்த மார்ச் வரை நான் பார்த்ததில்லை. கோபிசெட்டிபாளையத்தில் முப்பது வருடம் வீடு கட்டிக்கொடுத்தவர், அத்தை இறந்த பிறகு அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் எங்களோடு இருக்க வந்தார். ஒன்றரை வருடமாக டிவி பார்ப்பார், பாத்திரம் துடைப்பார், மகள் எதைச் சொன்னாலும் "செரி கண்ணு" என்பார்.

போன நவம்பரில் எங்கள் டிரைவ்வேக்குக் கான்கிரீட் போட்டார்கள். கான்ட்ராக்டரின் ஆட்கள் ஈரம் போகாமலிருக்க மேலே வெள்ளையாக எதையோ அடித்துவிட்டு, ஒரு வாரம் வண்டி ஏற்றாதீர்கள் என்று சொல்லிக் கிளம்பினார்கள்.

"தளம் இறுகத் தண்ணி உடாமப் போறானுங்க! க்யூரிங்னா என்னன்னே தெரியலீங்களே மாப்பிள்ளை இவனுங்களுக்கு!"

மறுநாளே தோட்டத்து மண்ணைக் குழைத்துத் தளத்தின் மேல் பாத்தி கட்டினார். சரிவாக இருந்ததால் வரப்புகளை நெருக்கிப் போட்டு, ஹோஸ் பிடித்துத் தண்ணீர் நிறுத்தினார். ஊரில் மொட்டைமாடிக்குச் செய்வதுதான். பதினாலு நாள் விடியும் முன்பே எழுந்து, ஜாக்கெட்டுக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு உடைந்த வரப்பை அடைத்தார். தண்ணீர் உறைந்திருந்த காலைகளில் ஐஸைக் குச்சியால் உடைத்து, மேலும் தண்ணீர் விட்டார். மதியம் இரண்டாம் முறை சோறு கேட்டார்.

மார்ச்சில் பனி கரைந்தபோது தளம் தோலுரிந்து கிடந்தது. ஷூ பட்டாலே சில்லுசில்லாகப் பெயர்ந்து, உள்ளே ஜல்லி தெரிந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"கலவையில திருட்டுத்தனம் பண்ணியிருக்கறான். கூப்புடுங்க அவன."

"மீட்டிங் இருக்கு மாமா, சாயங்காலம் கூப்பிடறேன்."

மூன்று வாரம் இப்படியே தள்ளினேன். ஒரு சனிக்கிழமை அவரே நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தார்.

கான்ட்ராக்டர் குரலை உயர்த்தவே இல்லை. மூன்றாம் நாள் அந்தப் பக்கம் வந்தபோது தண்ணீர் நிற்பதைப் பார்த்தாராம். உறைபனி வரப்போகிறது, புதுத்தளம் தண்ணீரைக் குடித்துவிட்டு உறைந்தால் மேல்பரப்பு பெயர்ந்துவிடும், உடனே வடித்துவிடுங்கள் என்று அன்றே ஈமெயில் அனுப்பினாராம். "உங்கள் மனைவி 'நோட்டட், தேங்க்ஸ்' என்று பதில் போட்டிருக்கிறார்" என்றார்.

முப்பது வருடம் டெண்டர் ஃபாரங்களை இங்கிலீஷில் நிரப்பியவருக்கு நான் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"வெண்பா!"

மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"தண்ணி நிக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. உங்க மாப்பிள்ளை மதனுக்கும் தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"இங்க வந்ததுலேர்ந்து அப்பத்தாம்ப்பா நீங்க நல்லா சாப்ட்டீங்க. டிரைவ்வேதானே, போனாப் போகுதுன்னு..."

"நானு பாத்தி கட்டி வெளையாடறத ரெண்டு பேரும் ஜன்னல்ல நின்னு பாத்தீங்களாக்கும்! கோபியில கூலிக்கு வந்த கொத்தன் என்ற மூஞ்சிக்கு நேரா 'தப்புங்க'ன்னு சொல்லுவான். பெத்த புள்ள நீ சொல்ல மாட்டே?"

"சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான்..."

"வருத்தப்பட உடு! அதுக்குக்கூட நானு லாயக்கில்லையா?"

"மாமா, அவ நல்லதுக்குத்தான்..."

"நீங்க பேசாதீங்க மாப்பிள்ளை. மூணு வாரமா மீட்டிங்காம், மீட்டிங்கு!"

கராஜிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். உடைத்து நொறுக்கப்போகிறார் என்று பின்னாலேயே ஓடினோம். அவரோ குந்தி உட்கார்ந்து தளத்தை அடி அடியாகத் தட்டிப் பார்த்து, உள்ளே பொக்கையாகச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் உடைக்கவேண்டியது என்று சாக்பீஸால் வளைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் கராஜ் ஓரமாக ஒரு பட்டை மட்டும் மிஞ்சியது.

"இதை உட்டுரலாமா?" நிமிராமல் கேட்டார்.

வெண்பா வழக்கம்போல என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பு நுனியால் அந்த இடத்தைச் சுரண்டினாள். செதில் கிளம்பியது.

"இல்லப்பா. தப்பு. அதையும் உடைக்கணும்."

மாமா அவளை முறைத்தார். கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. சாக்பீஸை அவள் காலடியில் எறிந்தார்.

"அப்ப நீயே கோடு போடு."