மிச்சம் வைக்காத ராமன்

எங்கள் ஊரில் ராமனுக்குப் பஞ்சமே கிடையாது. பட்டாபிராமன், கோதண்டராமன், கல்யாணராமன் என்று கேட்ட பெயரையெல்லாம் இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சாமி விஷயத்தில் என்னை யாரும் மடக்க முடியாது என்று அப்போது எனக்கு ஒரு திமிர். அதனால்தான், தறிக்குழியில் உட்கார்ந்தபடியே அப்பா அம்மாவிடம், "செவிலிமேட்டுக்காரரு பெரிய சாப்பாட்டு ராமன்டி" என்று சொன்னது காதில் விழுந்ததும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இந்த ராமனைப் பற்றி இத்தனை நாள் யாரும் என்னிடம் மூச்சு விடவில்லையே!

"மெதுவா பேசுங்க. போஜனப் பிரியர்னு சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவீங்க?" என்று அம்மா அடக்கினாள். போஜனப் பிரியர் என்ற பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் ராமனே இல்லை.

அந்த செவிலிமேட்டுக்காரரின் மகனுக்குத்தான் என் அத்தையைப் பார்த்திருந்தார்கள். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. சின்ன வயதிலேயே தறியில் உட்கார்ந்தவள். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் சேர்த்து நெய்யும் கோர்வைப் புடவை போடுவதில் அவளுக்கு இருந்த கை அப்பாவுக்கே கிடையாது. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "அந்தப் பொண்ணுக்குத் தறி தெரியும், அடுப்பு தெரியாது" என்று எவளோ கிளப்பிவிட்டதில், ஏற்கெனவே வந்த ஒரு நல்ல இடம் தட்டிப்போயிருந்தது. இந்த இடமும் போனால் அவ்வளவுதான் என்று வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள்.

அதுவும் வரப்போகிறவர் சாதாரண நாக்கா! கல்யாண வீடுகளில் பந்தி போடுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டு ரசத்தை ஒரு கரண்டி கையில் ஊற்றுவார்களாம். அவர் தலையாட்டினால்தான் இலை விழுமாம். அப்படிப்பட்டவருக்குக் கோயில் இட்லி என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, அத்தை தன் கையாலேயே செய்வது என்று முடிவானது. மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்டு, நெய் ஊற்றி, நீளமான மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை வைத்து மாவை ஊற்றி, விடிந்ததிலிருந்து வெந்தது அந்த ஒரே பெரிய இட்லி. சாமிக்குப் படைக்காமல் யாரும் ஒரு விள்ளல் வாயில் போடக் கூடாது என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

அவரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். பையனுக்குத் தறியில் அவசர வேலையாம், வரவில்லை. நான் எதிர்பார்த்த கிரீடமோ வில்லோ இல்லை. ஒல்லியாக, வெள்ளை வேட்டியில் இருந்தார். வாசற்படி ஏறும்போதே நின்று மூக்கை லேசாகத் தூக்கி, "நெய் முசரவாக்கத்து நெய்யா?" என்றார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். ஆமாம், முசரவாக்கத்திலிருந்துதான் வாங்கி வந்தார். எனக்கு அதற்கு மேல் எந்த அத்தாட்சியும் தேவைப்படவில்லை.

ஆண்கள் முதலில் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவது எங்கள் வழக்கம். அவர் மட்டும் கூடத்தில் இலை முன் உட்கார்ந்தார். அவருடைய சம்சாரம் உள்ளே அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். "இட்லி பொண்ணு செஞ்சதாமே, நானும் ருசி பாக்கத்தானே வந்துக்கினேன்" என்று அவள் சொன்னது கூடத்துக்கே கேட்டது. நான் அவர் எதிரில் போய் நின்று, இரண்டு கைகளையும் கூப்பி, கோயிலில் சொல்வது போலவே உரக்கச் சொன்னேன்.

"சாப்பாட்டு ராமா, காப்பாத்துப்பா!"

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "கொழந்த, தெரியாம ஒளறுது அண்ணே" என்று சமாளித்தார். செவிலிமேட்டுக்காரர் சிரிக்கவில்லை. முகம் சுருங்கிப்போய், இலையைப் பார்த்தபடி இட்லியில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. பிறகு திறந்து, சமையலறைக் கதவருகே விரல்களைப் பிசைந்தபடி நின்ற அத்தையைப் பார்த்தார். உள்ளே சம்சாரத்தின் பேச்சு வந்த பக்கம் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா சொன்னே, நான் யாரு?"

"சாப்பாட்டு ராமன்."

"கரெக்டா சொன்னே. ராமன் வந்துக்கீறான், இன்னும் வைங்கப்பா!"

அப்பா வைத்தார். தீர்ந்தது. மறுபடியும் வைத்தார். அதுவும் தீர்ந்தது. "குடலையையே இப்பிடி கொண்டாந்து வைங்க" என்றார். அடடா, அந்தச் சாப்பாட்டை நான் என்னவென்று சொல்வேன்! நெற்றியில் வியர்வை வழிய, கண்ணில் நீர் தளும்ப, துண்டு துண்டாக அந்த முழு இட்லியும் அவருக்குள் போனது. நான் செம்பு செம்பாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அத்தனையும் குடித்தார். இப்படிச் சாப்பிட மனுஷனால் முடியாது, சாமியால்தான் முடியும் என்று வாயைப் பிளந்து நின்றேன்.

அவர் சம்சாரம் எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, மானத்த வாங்குறீங்க! எனக்கு ஒரு துண்டு வெக்கத் தோணலியா?"

"நல்லாக்கீது. அதான் நிறுத்த முடியல" என்றார் அவர். அவர் நாக்கு சொல்லிவிட்ட பிறகு மறுபேச்சு ஏது? அந்த அம்மாள் அங்கலாய்த்துக்கொண்டே அம்மா செய்த வடையையும் கேசரியையும் சாப்பிட்டாள். அவர் எழுந்து அப்பாவிடம், "கை கழுவத் தண்ணி ஊத்துங்க, சம்பந்தி" என்றார். அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் அப்பா செம்பைக் கீழே போட்டுவிட்டார்.

அவர்கள் தெரு முனை திரும்பியதும் நான் குடலையிடம் ஓடினேன். மந்தாரை இலையில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு துணுக்குகள் மட்டும்தான் மிச்சம். அம்மா அதில் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தவள், அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "ராத்திரியே நான் உப்பு போட்டேனேடி!" என்றாள். "காலைல நானும் போட்டேனே அண்ணி!" என்று அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், நடுநடுவே சிரித்தார்கள்.

அந்தக் கல்யாணம் நடந்தது. ஆனால் அவருடைய சம்சாரம் இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்ததில், போஜனப் பிரியர் என்ற பெயர் போய், கடைசிவரை அவர் ஊருக்கெல்லாம் சாப்பாட்டு ராமனாகவே இருந்தார். அந்த உப்பைப் பற்றி அவர் ஒரு நாளும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? இலையில் மீந்திருந்த இன்னொரு துணுக்கை நானும் நக்கிப் பார்த்துத் துப்பினேன். சாமி சாப்பாடு இப்படித்தான் கரிக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கிருந்த ஒரே வருத்தம், எந்தச் சாமியும் பிரசாதம் என்று கொஞ்சம் மிச்சம் வைக்குமே, இந்த ராமன் ஏன் ஒரு துண்டுகூட வைக்காமல் தின்றுவிட்டுப் போனார் என்பதுதான்.